உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட கை

1

இந்தக் கதை நான் குப்புறப் படுத்திருந்தபோது கிடைத்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எழுதுகிறவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், மழை பெய்தது, கதை வந்தது என்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முகம் பதிக்க ஓட்டை வைத்த நீள மேசையில் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டு கிடந்தேன். மேலே வெர்னா கோல்பி என் இடுப்பில் முழங்கையை ஊன்றியிருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் தரைவிரிப்பும் அவருடைய வெள்ளை ஷூவும்தான். ஆகவே, சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

நான் மருந்துக்கடைக்காரன். கடல் தாண்டி இந்தச் சோளக்காட்டு ஊருக்கு வந்து தலை நரைத்துவிட்டது. நாள் முழுக்க நின்றுகொண்டே மாத்திரை பிரித்துக் கொடுத்ததில் இடுப்பும் போயிற்று. வெர்னா கைரோபிராக்டர். ஊசி கிடையாது, மருந்து கிடையாது. முதுகையும் கழுத்தையும் கையாலேயே அழுத்தித் திருப்பி நேராக்குகிறவர். ஊரில் பாதிப் பேருக்கு டாக்டர் என்றால் அவர்தான். (ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. அதை எழுதப்போனால் என் கடைக்கு வரும் மருந்துச்சீட்டு குறையும். விட்டுவிடுகிறேன்.)

வெர்னாவுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. மாநிலத்துக் கைரோபிராக்டர் வாரியத்தில் அவர் ஓர் உறுப்பினர். யாருக்கு உரிமம் கொடுப்பது, யாருடைய உரிமத்தைப் பறிப்பது என்று முடிவு செய்கிற ஏழு பேரில் ஒருவர். ஐந்து பேர் அதே தொழில்காரர்கள். இரண்டு பேர் பொதுமக்கள் சார்பில் வந்து உட்காருகிறவர்கள். அந்த வாரியத்தில் நடந்த ஒரு விசாரணையைத்தான் அவர் என் முதுகுக்கு மேலிருந்து சொன்னார். நான் கதை எழுதுகிறவன் என்பது அவருக்குத் தெரியும். சொல்லி முடித்ததும் ஒரு நிபந்தனை போட்டார்.

"எழுதறதா இருந்தா உங்க பாஷையில எழுதுங்க, மருந்துக்காரரே. எங்க போர்டுல அதைப் படிக்க ஒருத்தரும் கிடையாது."

அதனால்தான் இது தமிழில் இருக்கிறது. பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டேன். மாநிலத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'ஆர்லோ டீட்மனின் கைகள் பெரியவை. அந்தக் கைகளால் அவன்—'

அடித்துவிட்டேன். கைரோபிராக்டர் கதையைக் கையில் தொடங்குவது சமையல்காரன் கதையைக் கரண்டியில் தொடங்குகிற மாதிரி. யாருக்கும் தோன்றும்.

அடுத்தது:

'உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட காலத்தில் ஒருவர், கட்டணம் பெற்றோ பெறாமலோ, உறவினர் நண்பர் என்ற பேதமின்றி, எந்த மனித உடலையும்—'

இது சட்டத்தின் வாசகம். அப்படியே எழுதியிருந்தால் நீங்கள் இந்நேரம் புத்தகத்தை மூடிவிட்டு விளக்கை அணைத்திருப்பீர்கள். ஆனால் இந்த வாசகம் கதைக்கு வேண்டும். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: காசு வாங்காவிட்டாலும் குற்றம், சொந்தக்காரராக இருந்தாலும் குற்றம்.

மூன்றாவது:

'ஜனெல் ப்ரூயர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.'

இதை அடிக்கவில்லை. இப்போது அவள் ஓட்டுவதில்லை.

ஜனெலுக்கு அடிக்கடி கழுத்து பிடித்துக்கொள்ளும். வண்டியைப் பின்னால் எடுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்து வந்த வலி. வரும்போதெல்லாம் ஆர்லோவிடம் போவாள். ஆர்லோவின் ஊருக்கு அவன் ஒருவன்தான் கைரோபிராக்டர். அன்றைக்கும் போனாள். அவன் வழக்கம்போலக் கழுத்தை இரண்டு பக்கமும் நெட்டி எடுத்தான்.* அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். பெட்ரோல் பங்கில் இருக்கும் கடையில் பீட்சா வாங்கிக்கொண்டு வண்டிக்கு வந்தபோது இடது கையிலிருந்து பெட்டி நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தாள். கை வரவில்லை. கழுத்து ரத்தக்குழாயில் கிழிசல், அதனால் பக்கவாதம் என்றார்கள். கால் நாளடைவில் தேறிவிட்டது. இடது கை இன்னும் மூடுவதில்லை.

(* 'நெட்டி எடுப்பது' என்று எங்கள் பாஷையில் சொல்வோம் என்று வெர்னாவிடம் விளக்கினேன். முகம் சுளித்திருப்பார் என்று நினைக்கிறேன், ஷூ நகர்ந்தது. "அது வெறும் சத்தம். சத்தமா வைத்தியம்?" என்றார். ஆனால் உங்களுக்குப் புரியும் என்பதால் வைத்துக்கொள்கிறேன்.)

வழக்கு ஒரே ஒரு கேள்வியில் நின்றது. அன்றைக்குக் கழுத்தைத் திருப்புவதற்கு முன்னால், 'இந்தத் தடவை தலையும் சுத்துது' என்று ஆர்லோவிடம் சொன்னதாக ஜனெல் சொன்னாள். அப்படிச் சொல்லவே இல்லை என்றான் ஆர்லோ. கழுத்து வலியோடு புதிதாகத் தலைசுற்றல் என்றால் தொடக்கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். இது அந்தப் படிப்பில் பால பாடம். கிழிசல் முன்னாடியே தொடங்கியிருக்கலாம், அந்த வலியில்தான் அவள் வந்திருக்கலாம் என்றும் ஒரு நிபுணர் சொன்னார். எது முதல் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாதாம். ஆக, அவள் சொன்னாளா, இல்லையா?

3

ஆர்லோவை நம்புவதில் எனக்குச் சிக்கல் இருந்தது. முதல் பிரதியில் அவனைக் கொஞ்சம் திமிர் பிடித்தவனாக்கினேன். நோயாளி பேசும்போதே சுவரைப் பார்க்கிறவன், 'எனக்குத் தெரியாததா' என்கிறவன். அப்படி ஆக்கினால் எழுதுவது சுலபம். வெர்னாவிடம் வாசித்துக் காட்டினேன், என் ஓட்டை ஆங்கிலத்தில். அவர் முழங்கையை எடுத்துவிட்டார்.

"இது யாரு? ஆர்லோவை எனக்கு இருபது வயசுலேர்ந்து தெரியும். இவனைத் தெரியாது."

(இனி வெர்னாவை 'அவள்' என்றே எழுதுவேன். கடையில் பார்த்தால் அவர்தான். கதைக்குள் மரியாதை கொடுத்தால் ஆள் விறைத்துப்போய் நிற்கிறார்.)

உண்மையான ஆர்லோ இப்படி. அறுவடைக்கு முன்னால் உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். விசாரணை வருவதற்குள் விதைப்பே தொடங்கிவிட்டது. அத்தனை மாதமும் அவன் தினம் காலையில் தன் கிளினிக்கைத் திறந்தான். மேசையைத் துடைத்தான். காபி போட்டான். ஊர்க்காரர்கள் வந்து பேசிவிட்டுப் போனார்கள், அவன் ஒருவரையும் தொடவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் முதுகு பூட்டிக்கொண்டு தவழ்ந்துவந்து வாசலில் விழுந்தார். ஆர்லோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அந்தப் பண்ணைக்காரரே வந்து சாட்சி சொன்னார். "அரை நிமிஷ வேலைங்க அவனுக்கு. தொடமாட்டேன்னுட்டான். நான் திட்டினேன். அவன் அழுதான்."

அவ்வளவு சுத்தமாக இருந்தவன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து வருவதை நீங்கள் நம்பவேண்டும்.

4

இவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு கைரோபிராக்டர்கள் சந்தித்தால் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். மாநாட்டுக்குப் போனால் நடைபாதையிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் லிஃப்ட் வாசலிலும் யாராவது யாரையாவது நெட்டி எடுத்துக்கொண்டிருப்பார்கள். நம் ஆட்கள் பார்த்ததும் 'சாப்டாச்சா' என்று கேட்கிற மாதிரிதான். கேட்டவனுக்கும் நினைவிருக்காது, பதில் சொன்னவனுக்கும் நினைவிருக்காது. அதை வைத்தியம் என்று யாரும் கணக்கில் வைப்பதில்லை.

வெர்னாவும் ஆர்லோவும் கல்லூரியில் ஒரே மேசை ஜோடி. ஒருவர் உடம்பில் ஒருவர் பழகித்தான் தொழிலைக் கற்றுக்கொள்ளவேண்டும். ஆர்லோ வாழ்க்கையில் முதன்முதலில் திருப்பிய கழுத்து வெர்னாவுடையது. இதை அவள் வாரியத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். இரண்டு தரப்பு வக்கீல்களும் பரவாயில்லை என்றுவிட்டார்கள். தெரிந்தவர்களெல்லாம் விலகினால் இந்த மாநிலத்தில் நாற்காலிகள்தான் வாக்களிக்கவேண்டும்.

விசாரணை நாள் காலை. வெர்னாவுக்குக் கழுத்து பிடித்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன. வலது பக்கம் திரும்பவே முடியாது. வாரியக் கட்டடத்தின் பின்பக்க நடைவழியில், காபி இயந்திரத்துக்குப் போகும் திருப்பத்தில், ஆர்லோ எதிரே வந்துவிட்டான். வேறு யாரும் இல்லை. விசாரணைக்கு முன்னால் பேசக்கூடாது என்பது இருவருக்கும் தெரியும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்துபோகப் பார்த்தாள். திரும்பிய வேகத்தில் சுருக்கென்று—

(இந்த இடத்தை நான் எத்தனை விதமாக எழுதிப்பார்த்தும் உதைக்கிறது. நடந்தது ஒரு மூச்சு நேரம். எழுதினால் ஒரு பக்கம் வருகிறது. சுருக்கியே சொல்கிறேன்.)

அவள் முகம் சுளித்தாள். ஆர்லோ காபியை ஜன்னல் திட்டில் வைத்தான். "இன்னும் அதே பக்கம்தானா?" என்றான். பதிலுக்கு நிற்கவில்லை. ஒரு கை தாடைக்குக் கீழே, ஒரு கை பின்மண்டையில். வேண்டாம் என்று அவள் நினைப்பதற்குள் அவள் கழுத்து அவன் கையில் தளர்ந்து கொடுத்துவிட்டது. சத்தம் கேட்டது. "ம், போ" என்றான். காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஐயோ, இந்த மடையன் என்ன செய்துவிட்டான் என்று நினைத்தாள். நான் என்ன செய்துவிட்டேன் என்றும் நினைத்தாள். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

5

இரண்டு தரப்பு வக்கீல்களும் பேசிவைத்த ஓர் உடன்பாடு வாரியத்தின் முன்னால் இருந்தது. ஆர்லோ இனி ஆயுசுக்கும் கழுத்தைத் தொடமாட்டான், முதுகு மட்டும். இரண்டு வருஷம் இன்னொருவர் மேற்பார்வையில் வேலை செய்வான். ஜனெல் தலைசுற்றல் பற்றிச் சொன்னாள் என்பது நிரூபணமாகவில்லை என்று வாரியம் முடிவெழுதும். உரிமம் திரும்பி வரும். ஒரே ஒரு நிபந்தனை, நிறுத்திவைத்த காலத்தில் அவன் யாரையும் தொட்டிருக்கக்கூடாது. தொட்டிருந்தால் உடன்பாடு ரத்து, உரிமம் நிரந்தரமாகப் போய்விடும். அவனுக்கு அறுபத்து மூன்று வயது. வேறு எந்த வேலையும் தெரியாது, வேறு எதையும் அவன் விரும்பியதும் இல்லை.

சத்தியம் வாங்கிக்கொண்டு அரசு வக்கீல் கேட்டாள். "லைசென்ஸை நிறுத்தின நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் யாருக்காவது வைத்தியம் பண்ணீங்களா? யாரையாவது தொட்டீங்களா?"

"இல்லைங்க. ஒருத்தரையும் தொடலை."

ஏழு பேரையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே சொன்னான். வெர்னாவையும் பார்த்தான்.

(இங்கே, இடைவேளையில் ஆர்லோ வெர்னாவின் பக்கம் குனிந்து 'கழுத்து தேவலையா?' என்று கேட்பதாக ஒரு வரி எழுதினேன். நல்ல வரி. அடித்துவிட்டேன். அவனுக்கு நினைவிருந்தால் அவன் பொய்யன், கதை அங்கேயே முடிந்துபோகும். அவன் பொய்யன் இல்லை.)

வெர்னாவுக்கு அவனைத் தெரியும். பொய் சொன்னால் காது சிவந்துவிடும் அவனுக்கு. காது சிவக்கவில்லை. சற்று முன்னால் தான் செய்தது அவன் மனசில் எங்கேயும் இல்லை. பண்ணைக்காரர் விஷயத்தில் அவ்வளவு எச்சரிக்கையாக இருந்தவன், அவர் நோயாளி என்பதால்தான் இருந்தான். வெர்னா நோயாளி இல்லை, வெர்னா வெர்னா. கை அதுபாட்டுக்குப் போய்விட்டு வந்துவிட்டது.

அப்புறம் ஜனெலைப் பேசச் சொன்னார்கள். அவள் வலது பக்க வரிசையில் உட்கார்ந்திருந்தாள், இடது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு.

"இவரு லைசென்ஸ் போகணும்னு நான் வரலைங்க. எங்க அப்பாவுக்கு முதுகு பார்த்தவரு, எனக்கும் பார்த்தவரு. நான் சொன்னேன். தலை சுத்துதுன்னு சொன்னேன். அதை ஒருத்தராவது நம்பணும். என் வீட்டுக்காரரே, நல்லா யோசிச்சுப் பாரு, நெஜமாவே சொன்னியாங்கறாரு. நான் சொல்லியிருக்கவே இல்லைன்னா இது என் தப்புதானே? ராத்திரியெல்லாம் அதையே நெனச்சுக்கிட்டுக் கிடக்கேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

ஆர்லோ அவளைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. "நீ சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனாம்மா? சொல்லு."

மனசாரத்தான் கேட்டான். அந்த அறையில் அதை நம்பாதவர்கள் இல்லை. அதுவரை வெர்னாவும் ஆர்லோவைத்தான் நம்பியிருந்தாள். பாவம், அந்தப் பெண்ணுக்கு நினைவு குழம்பியிருக்கிறது, அவ்வளவு பெரிய அடி விழுந்தால் குழம்பத்தான் செய்யும் என்று எண்ணியிருந்தாள்.

ஜனெலைப் பார்க்க அவள் வலது பக்கம் திரும்பினாள். கழுத்து திரும்பியது. சில வாரங்களாகத் திரும்பாத கழுத்து, வலியே இல்லாமல், லேசாக.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இன்று காலை அவன் தன்னிடமும் ஒரு கேள்வி கேட்டான், பதிலுக்கு நிற்கவில்லை. அவள் ஏதாவது சொல்லியிருந்தாலும் கை அதற்குள் போயிருக்கும். அரை மணி கழித்து, தொட்டதே அவனுக்கு நினைவில்லை. ஜனெல் சொல்லியிருக்கிறாள். அவள் சொல்லும்போது அவன் கை ஏற்கெனவே அவள் கழுத்தில் இருந்திருக்கிறது. அவன் பொய் சொல்லவில்லை, அவளும் பொய் சொல்லவில்லை.

இது சாட்சியம் ஆகுமா என்று கேட்டால் எந்த வக்கீலும் சிரிப்பார். ஆனால் நாற்பது வருஷமாக அந்தக் கையைத் தெரிந்தவளுக்கு வேறு சாட்சியம் வேண்டியிருக்கவில்லை.

6

வாக்கெடுப்பு. உடன்பாட்டுக்குச் சம்மதமா என்று தலைவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். மூன்று பேர் சம்மதம் என்றார்கள். மூன்று பேர், பறிக்கத்தான் வேண்டும் என்றார்கள். வெர்னா கடைசி.

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று: வெர்னா சம்மதம் என்கிறாள். ஆர்லோ வீட்டுக்குப் போய் மேசையைத் துடைத்துவிட்டு, பண்ணைக்காரரைக் கூப்பிட்டு வரச்சொல்கிறான். ஊரே வருகிறது, ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாடு எடுத்துக்கொண்டு. எழுதும்போது எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஜனெல் அந்தப் பத்தியில் இல்லை. அவளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கணவனுக்குப் பக்கத்தில், வண்டியில்—

இரண்டு: வெர்னா எழுந்து நடந்ததைச் சொல்கிறாள். ஆர்லோ முதலில் புரியாமல் பார்க்கிறான். பிறகு அவனுக்கு ஞாபகம் வருகிறது. அந்த முகத்தை எழுத நாலு நாள் உட்கார்ந்தேன், வரவில்லை. தொட்டதுக்காக வருந்துகிற முகமா அது? இல்லை, ஜனெல் அன்று சொன்னது இப்போதுதான் அவன் காதில் விழுகிறது, அந்த முகம். அவன் உரிமம் போகிறது. கழுத்தைக் கொடுத்த குற்றத்துக்கு வெர்னாவின் உரிமத்துக்கும் ஆபத்து. அது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை என்று எழுதினேன். அவள் அதைப் படிக்கச்சொல்லிக் கேட்டுவிட்டு, "பெருசாத்தான் தெரிஞ்சுது. நானும் மனுஷிதானே" என்றாள். திருத்திவிட்டேன்.

மூன்று: சொந்தக் காரணம், நான் விலகிக்கொள்கிறேன் என்கிறாள் வெர்னா. மூன்றுக்கு மூன்று, முடிவில்லாமல் நிற்கிறது. வழக்கு வாரியத்தின் அடுத்த கூட்டத்துக்குப் போகிறது. யாருக்கும் எதுவும் தெரியாது. நான் அந்த நாற்காலியில் இருந்தால் இதைத்தான் செய்திருப்பேன். அதனாலேயே இந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை.

7

உண்மையில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும். மேசையிலிருந்து எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டேன், வெர்னா சொன்னாள். (தமிழில் எழுதச் சொன்னாளே, அப்படியானால் அன்று வாரியத்தில் அவள் வாயைத் திறக்கவில்லை என்று கணக்குப் போடாதீர்கள். ஊரறியச் சொன்னதையும் மறுபடி யாரும் பேசக்கூடாது என்று நினைக்கிறவர்கள் உண்டு.)

நான் சொல்லமாட்டேன். உங்களைச் சீண்டுவதற்காக இல்லை. எந்த முடிவை எழுதினாலும் நீங்கள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, 'அதுதான் சரி' என்றோ 'சே, பாவம்' என்றோ எழுந்து போய்விடுவீர்கள். அந்தப் பெருமூச்சு வெர்னாவுக்குக் கிடைக்கவில்லை. இன்றுவரைக்கும் கிடைக்கவில்லை. அவள் எதைச் செய்திருந்தாலும் ஒரு மனுஷனையோ ஒரு மனுஷியையோ கைவிட்டிருக்கிறாள். எனக்கு மனசு ஆறவில்லை, உங்களுக்கு மட்டும் ஆறுவானேன்?

ஆகவே வெர்னாவை எழுப்பி அனுப்பிவிட்டேன். நாற்காலி காலியாக இருக்கிறது. உட்காருங்கள்.

எதிரே ஆர்லோ. உங்களைப் பார்த்து லேசாகத் தலையசைக்கிறான். உங்களைப் பற்றி அவனுக்குப் பயமே இல்லை. வலது பக்கம் ஜனெல். தான் சொன்னோமா இல்லையா என்று அவளுக்கே இப்போது தெரியாது. அவள் சொன்னாள். அது தெரிந்தவர் அந்த அறையில் நீங்கள் ஒருவர்தான்.

தலைவர் உங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.